எண்ணைக் குறித்த பிறகு

தமிழ்நாட்டில் ரத்தக் கொதிப்பை ஊர் ஊராகத் தேடிப் பிடிக்கும் வேலை சென்னையில் தொடங்கவில்லை. வானம் பார்த்த இரண்டு மாவட்டங்களில் தொடங்கியது. உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் 2007-ல் இரண்டு முன்னோட்டங்களைக் கையில் எடுத்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தேனியும் தஞ்சாவூரும். உயர் ரத்த அழுத்தத்துக்கு விருதுநகரும் சிவகங்கையும். முப்பது வயதைத் தாண்டிய எவரும் எதற்காக அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தாலும், காலில் முள் ஏறி வந்தாலும் சரி, பேரனுக்குக் காய்ச்சல் என்று தூக்கி வந்தாலும் சரி, கையை நீட்டச் சொல்லிப் பிரஷர் பார்த்துவிடுவது என்பதுதான் ஏற்பாடு.

இன்று இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையம் எதற்காகப் பிறந்தது என்று யோசித்தால் அதன் கனம் புரியும். 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு வந்தவை அந்த நிலையங்கள். பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, காலரா, மலேரியா என்பவைதான் அவற்றின் வேலை. இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு என்றுதான் கிராமத்துக்குத் தெரியும். ஐம்பது வயது ஆண் ஒருவர் அந்தக் கட்டடத்துக்குள் நுழையக் காரணமே இல்லாமல் இருந்தது. வந்தாலும் ஊசி போட்டுக்கொண்டு போவார். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவர் மாதாமாதம் வரவேண்டும் என்பது அந்தக் கட்டடத்துக்கும் புதிது, ஊருக்கும் புதிது.

எம்.ரெட்டியபட்டியை எடுத்துக்கொள்வோம். அந்த விருதுநகர் மாவட்டத்து ஊர். அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சுற்றி உள்ள பூமி மானாவாரி. மழை பெய்தால் பருத்தி, மக்காச்சோளம், குதிரைவாலி, மல்லி. பெய்யாவிட்டால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது, நூறு நாள் வேலை. இளவட்டங்களில் பலர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட, ஊரில் மிஞ்சுகிறவர்கள் நடுவயதைத் தாண்டியவர்கள். அதாவது பிரஷர் வரக்கூடிய வயதுக்காரர்கள். பட்டணத்து நோய், பணக்கார நோய், உட்கார்ந்து தின்கிறவன் நோய் என்று இதற்கு இருந்த பெயரெல்லாம் இந்த ஊர்களில் பார்க்கத் தொடங்கியதும் அடிபட்டுப் போனது. நாள் முழுக்க மண்வெட்டி பிடித்த உடம்பிலும் அழுத்தம் 170, 180 என்று நிற்கும்.

அழுத்தம் என்பது என்ன? இதயம் நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்தைக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. அப்போது ரத்தம் குழாய்ச் சுவரை அழுத்தும் விசையைப் பாதரசத் தம்பத்தின் உயரத்தால் சொல்கிறோம். 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பது தண்ணீரில் சொன்னால் 1.6 மீட்டர், 180 என்றால் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு பெண் குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகி, ரத்தம் எட்டடிக்கு மேல் எழும்பியதைப் பார்த்து 1733-ல் நூலில் பதிவு செய்தார். மனிதனிடம் இப்படிச் செய்ய முடியாது. கையில் பட்டை கட்டி எளிதாக அளக்க 1896 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி சைக்கிள் டியூபையும் பாதரசத்தையும் வைத்துக் கையில் கட்டும் கருவியைச் செய்தார். 1905-ல் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ், அந்தப் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் மேல் எண், கீழ் எண் இரண்டும் கிடைக்கும் என்று சின்னஞ்சிறு அறிக்கை ஒன்றில் சொன்னார். நூறாண்டுக்கும் மேலாக உலகம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது பாதரசக் கருவிகள் விடைபெறுகின்றன. கிராமத்து நிலையங்களில் பேட்டரிக் கருவி வந்துவிட்டது.

அளக்கத் தெரிந்துவிட்டது என்பதால் உடனே சிகிச்சை வந்துவிடவில்லை. வயதானால் அழுத்தம் கூடத்தான் வேண்டும், குறைத்தால் மூளைக்கு ரத்தம் போகாது என்று பெரிய மருத்துவர்களே நம்பினார்கள். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108. கொடுக்க அன்றைக்குச் சரியான மருந்து எதுவும் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து இறந்தபோது அவருடைய அழுத்தம் 300/190. உலகத்திலேயே பலம் மிக்க நாட்டின் தலைவருக்கு அன்று கிடைக்காதது, இன்று எம்.ரெட்டியபட்டியில் ஒரு பாட்டிக்குக் காசில்லாமல் கிடைக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் காலம் முன்னேறித்தான் இருக்கிறது.

அந்த முன்னேற்றத்தில் நம் நாட்டு வேர் ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைப்பதை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். அதிலிருந்து பிரிக்கப்பட்ட ரெசர்பினையும் வேறு இரண்டு மருந்துகளையும் சேர்த்து, எட்வர்ட் ஃப்ரைஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஒரு சோதனை நடந்தது. கீழ் எண் 115-க்கு மேல் இருந்த 143 ஆண்கள். பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை. 1967-ல் முடிவு வந்தது: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு, மருந்து சாப்பிட்டவர்களில் 2 பேருக்கு. இவ்வளவு உயர்ந்த அழுத்தத்தைப் பொறுத்தவரை அன்றோடு விவாதம் முடிந்தது. பின்னால், 2002-ல், பத்து லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது இன்னொன்று தெளிவானது. 40 முதல் 69 வயது வரை, மேல் எண் 115-க்கு மேலே ஒவ்வொரு 20 கூடும்போதும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் சாகும் அபாயம் இரட்டிப்பாகிறது.

அப்புறம் ஏன் அழுத்தம் ஏறியிருப்பது தெரியாமலே இருக்கிறது? கழுத்துத் தமனியில் அழுத்தத்தைக் கவனிக்கும் உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தால் அந்த உணர்விகள் அதையே வழக்கம் என்று ஏற்றுக்கொண்டுவிடுகின்றன. எச்சரிக்கை அனுப்ப வேண்டியவையே ஒத்துப்போய்விட்டால் நமக்கு எப்படித் தெரியும்? "தலை சுத்தல, கிறுகிறுப்பு இல்ல, நல்லாத்தான இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்ற கேள்விக்கு உடலியல் தரும் பதில்களில் இது ஒன்று. நன்றாக இருக்கிறோம் என்ற உணர்வு இந்த நோயில் எதற்கும் சாட்சியாகாது. இதயத்தசை தடிப்பதும், சிறுநீரக வடிகட்டிகள் கெடுவதும், விழித்திரை நாளங்கள் மாறுவதும் வலியில்லாமல் நடக்கும் காரியங்கள்.

ஆகவே அளப்பதைத் தவிர வழியில்லை. அளப்பதோ, பார்ப்பதற்கு எளிதாகத் தெரிந்து உள்ளே நிறைய ஏமாற்றும் வேலை. ரிவா-ரோச்சியின் பட்டை வெறும் ஐந்து சென்டிமீட்டர் அகலம். அதனால் உண்மையைவிட அதிகமாகக் காட்டியது. அதே பிழை இன்றும் நடக்கிறது. பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் எண் பொய்யாக ஏறும். கை இதயத்தின் மட்டத்துக்கு இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் கீழே தொங்கினால் ஏறக்குறைய 8 கூடுதலாகக் காட்டும். இது ரத்தத்தின் எடையால் வரும் வெறும் பௌதிகம். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும், பேசிக்கொண்டே இருந்தாலும் பத்துவரை ஏறலாம். பேருந்து நிறுத்தத்திலிருந்து வெயிலில் வேகமாக நடந்து வந்து, வாசல் டீக்கடையில் ஒரு டீயும் குடித்து, வரிசையில் இடம் பிடிக்கச் சண்டையும் போட்டுவிட்டு உட்கார்ந்தவரின் எண் அவருடைய எண்ணே அல்ல. டீ, பீடி, சிகரெட் விட்டு அரை மணி நேரம். பிறகு முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் வாய் பேசாமல் உட்கார வேண்டும். இரண்டு முறை எடுக்க வேண்டும். முதல் தடவை இரண்டு கையிலும் எடுத்து, எது கூடுதலோ அந்தக் கையையே பிறகு எப்போதும் பார்க்க வேண்டும்.

ஒரு காலை நேரத்தில் நூறு பேர் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் ஆளுக்கு ஐந்து நிமிடத்துக்கு எங்கே போவது என்று நர்சம்மா கேட்டால் நியாயம்தான். ஆனால் இதற்குச் செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு: சீட்டுப் போடும் இடத்துக்கும் பிரஷர் பார்க்கும் இடத்துக்கும் நடுவே ஒரு பெஞ்சு. காத்திருப்பதை ஓய்வாக மாற்றிவிட்டால் அந்த ஐந்து நிமிடம் யாருடைய நேரத்தையும் தின்னாது.

இன்னொரு பொய்யைப் பதிவேட்டைப் புரட்டினாலே கண்டுபிடிக்கலாம். காதால் கேட்டு எழுதிய பழைய நோட்டுகளில் 120/80, 130/80, 140/90 என்று பூச்சியத்தில் முடியும் எண்களாகவே இருக்கும். பாதரசக் கருவியில் கோடுகள் இரண்டு இரண்டாகத்தான் போடப்பட்டிருக்கும்; ஆகவே ஒழுங்காகப் பார்த்தால் ஐந்தில் ஒன்றுதான் பூச்சியத்தில் முடிய வேண்டும். எல்லாமே பூச்சியம் என்றால், காது கேட்பதற்கு முன்னால் கை எழுதிவிட்டது என்று பொருள். இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. உலகெங்கும் ஆய்வாளர்கள் சொல்லிச் சலித்த விஷயம். பேட்டரிக் கருவியால் கிடைத்த பெரிய லாபம் இந்த மனச்சாய்வு போனதுதான். அதற்காக அந்தக் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்க்காத கருவியும், பேட்டரி தீரப்போகும் கருவியும் தம் இஷ்டத்துக்குப் பேசும். நாடித்துடிப்பு தாறுமாறாக இருக்கிறவர்களுக்கு ஸ்டெதஸ்கோப்பே மேல்.

ஒரே ஒரு நாள் எண்ணை வைத்து ஒருவரை ஆயுள் நோயாளி ஆக்கவும் கூடாது. வெள்ளை அங்கியைக் கண்டதும் ஏறி, வீட்டுக்குப் போனதும் இறங்குகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் நல்ல பிள்ளையாக 130 காட்டிவிட்டு வீட்டில் 160-ல் இருக்கிறவர்களும் உண்டு, பின்னவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதனால் 140/90-க்கு மேல் இருந்தால் இன்னொரு நாள் வரச் சொல்லி மறுபடி பார்த்து உறுதி செய்வது வழக்கம். 180/110-ஐத் தாண்டினால் காத்திருப்பதில்லை. நெஞ்சுவலியோ, வாய் கோணுதலோ, கை கால் இழுப்போ கூட இருந்தால் 108 ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

இனி, உண்மையான வேலை தொடங்குகிறது. கணக்குக்காக 56 வயது அம்மா ஒருவரை வைத்துக்கொள்வோம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், பிரஷர் 168/102. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுகாதார அமைச்சகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2017-ல் ஐந்து மாநிலங்களில் தொடங்கிய கட்டுப்பாட்டு முயற்சி ஒரு படிக்கட்டை வகுத்தது. மாநிலத்துக்கு மாநிலம் சிறு மாறுதல் உண்டு. முதலில் அம்லோடிபின் 5 மில்லிகிராம். ஒரு மாதம் கழித்து 140/90-க்குக் கீழே வராவிட்டால் டெல்மிசார்டன் 40 சேர்ப்பது. அப்புறமும் வராவிட்டால் அளவைக் கூட்டுவது, பிறகு குளோர்தாலிடோன் சேர்ப்பது. மருத்துவர் மாறினாலும் படி மாறாது என்பதுதான் இதன் அருமை.

அந்த அம்மா ஒரு மாதம் கழித்து வருகிறார்: 154/96. சீட்டில் என்ன எழுதப்படும்? நம் நாட்டு ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் அடிக்கடி எழுதப்படும் மூன்று எழுத்து சி.எஸ்.டி.; அதே சிகிச்சையைத் தொடரவும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 168-லிருந்து 154-க்கு இறங்கிவிட்டதே, போகட்டும் என்று மருத்துவருக்குத் தோன்றுகிறது. மாத்திரையைக் கூட்டினால் பயந்துபோவார் என்றும் தோன்றுகிறது. அடுத்த மாதம் 152, சி.எஸ்.டி. அதற்கடுத்த மாதம் 156, சி.எஸ்.டி. இரண்டு வருடம் ஒரு மாதமும் தவறாமல் வந்து, ஒரு வேளையும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, அந்த அம்மா 150-களிலேயே வாழ்கிறார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. பரிசோதனை என்ற பெயரில் நடந்தது மாத்திரை விநியோகம். என் கணிப்பில், கிராமத்து ரத்த அழுத்தச் சிகிச்சையின் மிகப்பெரிய ஓட்டை இந்த மூன்று எழுத்துதான். நோயாளி மாத்திரை போடுவதில்லை என்று சொல்லித் தப்பிப்பது நமக்கெல்லாம் எளிது.

மருந்தைக் கூட்டுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வகை மருந்தைக் கொஞ்சம் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதல் பலன் கிடைக்கும் என்று 2009-ல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. அம்லோடிபினைக் கூட்டினால் பலருக்குக் கணுக்கால் வீங்கும். வீங்கினால் சொல்லமாட்டார்கள், மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். எனலாபிரில் என்ற பிரஷர் மாத்திரை போட்டால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அதற்கு மெடிக்கல் ஸ்டோரில் சிரப் வாங்கிக் குடிப்பார்கள். ஆகவே "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று அதட்டிக் கேட்பதில் பயனில்லை, எல்லாரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு? கால் வீங்குதா? எந்திரிச்சா கண்ணு இருட்டுதா?" என்று கேட்டால் உண்மை வரும். பழைய அட்டையைக் கொண்டுவரச் சொல்லி மிச்ச மாத்திரையை எண்ணிவிடுவது இன்னும் நேர்வழி. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணாக இருந்தால் இன்னொரு கேள்வியும் தவறக்கூடாது: கர்ப்பத்தில் டெல்மிசார்டனும் எனலாபிரிலும் கருவுக்குக் கேடு.

கேட்க வேண்டியவற்றில் இந்தச் சீமைக்கென்றே உள்ளவையும் இருக்கின்றன. முதலாவது வலி மாத்திரை. மண் வெட்டி, கரி அள்ளி, தறி மிதித்து உடம்பு வலிக்காதவர் இங்கே யார்? கடையில் சொல்லி வாங்கும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும்; பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும்; சிறுநீரகத்தையும் தாக்கும். அந்த அம்மாவின் 154 இறங்காததற்கு அவருடைய முந்தானை முடிச்சிலேயே காரணம் இருக்கலாம். இரண்டாவது வெயில். கோடையில் பொதுவாகவே அழுத்தம் சற்று இறங்கும். வியர்வையில் உப்பும் நீரும் போன உடம்பில், சிறுநீரை அதிகமாகப் போக்கும் குளோர்தாலிடோன் வகை மாத்திரையும் சேர்ந்தால் எழுந்து நின்றதும் தள்ளாடும். சித்திரை, வைகாசியில் வரும் முதியவர்களை நிற்கவைத்தும் ஒரு தடவை அளக்க வேண்டும். மேல் எண் 20 இறங்கினால் மருந்தைத் திருத்த வேண்டும்.

மூன்றாவது உப்பு. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் கீழே, அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. காய்கறி அரிதான வறண்ட பூமியின் சமையல், உப்புப் போட்டுக் காயவைத்ததை நம்பியே வளர்ந்தது: கருவாடு, மோர் மிளகாய், வத்தல், ஊறுகாய். கூட, இந்த மாவட்டத்துக்கே பெயர் வாங்கித் தந்த சாத்தூர் சேவு. "உப்பைக் குறைங்க" என்று சொன்னால் குழம்பில் ஒரு சிட்டிகை குறைப்பார்கள். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் அப்படியே இருக்கும். எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார் என்று கேட்பதுதான் சரியான கேள்வி. இந்துப்பு வாங்கினால் பிரஷர் ஏறாது என்பது வீண் நம்பிக்கை. அதுவும் சோடியம் குளோரைடுதான், விலைதான் கூடுதல்.

மாதாமாதம் பார்ப்பது அழுத்தத்தை. ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியது அந்த அழுத்தம் உள்ளே என்ன செய்திருக்கிறது என்பதை: சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, ஒரு ஈ.சி.ஜி., விழித்திரைப் பரிசோதனை. சிறுநீரில் குச்சியை நனைத்துப் பார்க்கும் சோதனைக்கு ஆகும் செலவு அற்பம். ஆனாலும் அதிகம் விட்டுப்போவது இதுதான். டெல்மிசார்டன் சாப்பிடுகிறவருக்குக் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்க்காமல் வருடக்கணக்கில் ஓட்டுவது தவறு.

இவ்வளவும் ஒரு கிராமத்தில் நடக்கக்கூடியதா? நடந்திருக்கிறது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கக் கிராமம் கிளின்கோரக். சுமார் இரண்டாயிரம் பேர். அங்கே 1960-களில் மருத்துவராகப் போன ஜூலியன் டியூடர் ஹார்ட், வந்தவர்களை மட்டும் பார்க்காமல் வராதவர்களைத் தேடி, ஊர் முழுவதையும் அளந்து 1970-ல் லான்செட் இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரைதான் மருத்துவ உலகில் நிலைத்துவிட்டது: தேவை எங்கே அதிகமோ அங்கே நல்ல மருத்துவம் குறைவாகவே கிடைக்கிறது என்ற கணிப்பு. கால் நூற்றாண்டு விடாமல் செய்த வேலையின் முடிவில், பக்கத்துக் கிராமத்தைவிட அவருடைய ஊரில் அகால மரணங்கள் கால் பங்குக்கு மேல் குறைவாக இருந்தன. பெரிய இயந்திரம் எதுவும் அவரிடம் இல்லை. பதிவேடு இருந்தது, யார் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நமக்கு அதுதான் தெரியாமல் இருந்தது. விருதுநகர், சிவகங்கை அனுபவத்தை வைத்து 2012 முதல் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தது. நிலையங்களுக்குத் தொற்றா நோய்க்கென்றே நர்சுகள் அமர்த்தப்பட்டார்கள். மாத்திரைக்கும் பஞ்சமில்லை. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்புவதால் மற்ற மாநிலங்கள் பொறாமைப்படும் அளவுக்கு இருப்பு உண்டு. இத்தனைக்கும் பிறகு 2020-ல் வந்த மாநில அளவிலான கணக்கெடுப்பு சொன்னது இது: 18 முதல் 69 வயதுக்காரர்களில் மூவரில் ஒருவருக்கு, துல்லியமாக 33.9 விழுக்காட்டினருக்கு, உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு.

ஏழு! பாதிப்பேருக்கு நோய் இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களில் பாதி சிகிச்சைக்கு வருவதில்லை, வந்தவர்களில் பாதிக்குக் கட்டுப்படுவதில்லை என்று 1970-களிலிருந்தே மருத்துவர்கள் சொல்லும் பாதிக் கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்கில்கூட எட்டில் ஒருவராவது தேறுவார். நாம் அதையும் எட்டவில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் இந்த ஏழுக்குத்தான் பதில். சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர் பிரஷர் கருவியோடு வீட்டுக்கே வருகிறார், மாத்திரையும் கையில். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாத்திரைக்குப் போக முடியாதவருக்கு இது பெரிய உபகாரம். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் தொற்றா நோய்ப் பணிக்குழு விருதும் வந்தது. கணக்கெடுப்பை 2023-24-ல் மறுபடி எடுத்தபோது கட்டுக்குள் இருந்தவர்கள் சுமார் 17 விழுக்காடு. இரண்டு மடங்குக்கு மேல் உயர்வு என்று மகிழலாம். ஆறில் ஐந்து பேர் இன்னும் வெளியேதான் என்றும் படிக்கலாம். இரண்டும் உண்மை.

வீட்டு வாசலுக்கு வரும் திட்டத்தில் எனக்கு ஒரு பயம் உண்டு. மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டால், மருத்துவரைப் பார்க்கும் தேவை போய்விட்டதாக வீட்டார் நினைப்பார்கள். தன்னார்வலர் 158 என்று குறித்துக்கொள்வார். ஆனால் மருந்தை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. குறித்த எண் மருத்துவரின் மேசைக்குப் போய், முடிவாகி, மாற்றிய மாத்திரையாக வாசலுக்குத் திரும்ப வேண்டும். இந்தச் சுற்று அறுந்தால், முன்பு ஆஸ்பத்திரியில் நடந்த சி.எஸ்.டி. இப்போது வாசலில் நடக்கும். சுற்று அறாமல் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாட்டுக் கிராமங்களில் 2,645 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான சோதனையில், அரசு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து அளந்து, தேவைப்பட்டவரை மருத்துவரிடம் சேர்த்ததால் மேல் எண் மற்றக் கிராமங்களைவிடச் சராசரியாக 5 கூடுதலாக இறங்கியது. சீனாவில் 326 கிராமங்களில் நடந்த சோதனையில், பெரிய பட்டம் இல்லாத கிராமத்து மருத்துவர்களிடமே படிக்கட்டு நெறிமுறையைக் கொடுத்து, மருந்தைக் கூட்டவும் அனுமதித்தார்கள். பதினெட்டு மாதத்தில் 130/80-க்குக் கீழே வந்தவர்கள் அந்தக் கிராமங்களில் 57 விழுக்காடு, மற்றவற்றில் 20. முடிவெடுக்கும் அதிகாரம் நோயாளிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு பலன் என்று இதை நான் வாசிக்கிறேன்.

வராதவர் பட்டியல்தான் அடுத்த வேலை. பால் சொசைட்டியில் ஒரு நாள் பால் ஊற்றாவிட்டால் மறுநாளே "மாடு வத்திருச்சா?" என்று விசாரிப்பார்கள், ஏட்டில் காலியாக உள்ள கட்டம் கண்ணை உறுத்தும். பிரஷர் பதிவேட்டிலும் அந்தக் காலிக் கட்டம் உறுத்த வேண்டும். அது பெரும்பாலும் ஆண்களுடைய கட்டம்: பஞ்சம் பிழைக்கப் போனவர், பகலில் வேலைக்குப் போய்விடுகிறவர், தன்னார்வலர் வரும் நேரத்தில் வீட்டில் இல்லாதவர். சாயங்காலம் ஒரு வேளை, கோவில் கொடைக்கு ஊர் திரும்பும் நாள்களில் ஒரு முகாம், வெளியூர் போகிறவருக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுப்பது. இவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

படிக்கிற உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ பிரஷர் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கலாம். அடுத்த தடவை போகும்போது பழைய அட்டைகளையும், வேறு கடையில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள். எண் என்ன என்று கேட்டு உங்கள் நோட்டில் எழுதி வாங்குங்கள். கடைசியாகச் சிறுநீரும் கிரியாட்டினினும் பார்த்து ஒரு வருடம் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். எண் 140/90-க்கு மேலே இருந்து சீட்டில் அதே மாத்திரைதான் என்றால், "இதுல ஏதும் மாத்தணுமா டாக்டர்?" என்று கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.